உங்க லேப்டாப்ல மேக் ஓடுமா? ஹாக்கின்டாஷ் பத்தி ஒரு நீளமான பதில்

அந்தியூர்ல இருந்து பேசறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அது நம்ம பின்னணி இசை.

இந்த எபிசோட் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். ஈரோடு பக்கம் இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருந்தாப்ல. "ஏனுங்ண்ணா, என்கிட்ட எட்டாவது தலைமுறை ஐ5 லேப்டாப் ஒண்ணு இருக்குது. அதுல மேக்ஓஎஸ் போட்டா எல்லாம் வேலை செய்யுங்களா? ஐஓஎஸ் ஆப் பண்ணப் பழகணும். மேக் வாங்கிக் குடுங்கன்னு வீட்ல கேக்கற நிலைமை இல்லீங்."

கேள்வி நியாயமானது. ஐபோனுக்கு ஆப் எழுதி வெளியிடணும்னா எக்ஸ்கோட் வேணும். எக்ஸ்கோட் மேக்ஓஎஸ்ல மட்டும்தான் ஓடும். மேக்ஓஎஸ் ஆப்பிள் மெஷினோட மட்டும்தான் வரும். 2025ல வந்த எம்4 மேக்புக் ஏர் நம்ம நாட்டுல 99,900 ரூபாயில ஆரம்பிச்சது. கவுன்சிலிங்ல சேர்ந்த ஒரு பையனோட ஒரு வருஷ ஃபீஸை விட அது அதிகம். ஐபோனை ஸ்ரீபெரும்புதூர்ல நம்ம புள்ளைங்கதான் செய்யறாங்க. அதுக்கு ஆப் எழுதற மெஷினை வாங்கறதுக்கு இங்க ஒரு வீட்ல நகையை அடகு வைக்கணும். அதனால, இருக்கற லேப்டாப்ல மேக்ஓஎஸ்ஸை ஏத்திட முடியுமான்னு யோசிக்கறவங்களை நான் திருட்டுப் பசங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா முடியுமா, முடிஞ்சாலும் இப்ப செய்யணுமாங்கறது ரெண்டு வேற கேள்வி.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 2005 ஜூன்ல, இனிமே மேக்ல இன்டெல் ப்ராசசர்தான்னு ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவிச்சார். அதுவரைக்கும் பவர்பிசி. 2006 ஜனவரியில முதல் இன்டெல் மேக் வந்துருச்சு. நடுவுல டெவலப்பர்களுக்குப் பழக ஒரு மெஷின் குடுத்தாங்க, உள்ள சாதாரண பென்டியம் 4. அதுல இருந்த சிஸ்டம் வெளிய கசிஞ்சு, ஆளாளுக்கு வீட்டு பிசியில ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஹாக்கின்டாஷ் பொறந்த கதை அதுதான். ஆப்பிளும் சும்மா இல்லை. மேக் போர்டுல எஸ்எம்சின்னு ஒரு சிப் இருக்கும். ஃபேன், சூடு, பேட்டரி எல்லாம் அது பார்த்துக்கும். அதுக்குள்ள ஒரு சாவியை வெச்சு, ஃபைண்டர், டாக் மாதிரி முக்கியமான நிரல்களைப் பூட்டி வெச்சாங்க. அந்தப் பூட்டைத் திறக்கற கெக்ஸ்ட்டோட பேரே "மேக்ஓஎஸ் எக்ஸைத் திருடாதே"ங்கற அர்த்தத்துலதான் இருக்கும். நிஜமாங்க. கெக்ஸ்ட்னா மேக்ஓஎஸ் கெர்னலுக்குள்ள போய் உக்கார்ற டிரைவர்னு இப்போதைக்கு வெச்சுக்கங்க.

இன்னிக்கு ஹாக்கின்டாஷ் பண்றவங்க ஓப்பன்கோர்னு ஒரு பூட்லோடர் வெச்சுப் பண்றாங்க. இது என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்க, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்"கற பழமொழி போதும். ஓப்பன்கோர் ஒரு தரகர். மேக்ஓஎஸ் வந்து "இது ஆப்பிள் மெஷின்தானே, எஸ்எம்சி எங்க?"ன்னு கேக்கும். வர்ச்சுவல்எஸ்எம்சிங்கற கெக்ஸ்ட், "இதோ இருக்குங்க"ன்னு பதில் சொல்லும். அந்தப் பக்கம் லேப்டாப்போட பயாஸ் "நீ விண்டோஸ்தானே?"ன்னு கேக்கும். அதுக்கும் "ஆமாங்க"ன்னு ஒரு பொய். ரெண்டு வீட்டுக்காரங்களும் நேர்ல பேசிக்கவே மாட்டாங்க. இதுல எந்தப் பொய்யை எங்க சொல்லணும்னு தெரிஞ்சுக்கறதுதான் மொத்த வேலையும்.

ஆனா தரகர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் சில சம்பந்தம் நடக்காது. எங்க ஊர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர் சமயத்துல குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை கூடும். அங்க வாங்க வர்றவர் எடுத்த எடுப்புல விலை கேக்க மாட்டார். சுழியைப் பார்ப்பார், பல்லைப் பிடிச்சு வயசு பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். லேப்டாப்புக்கும் அப்படித்தான். ஆப்பிள் எந்த சிப்பையாவது தன்னோட மேக்ல வெச்சிருந்தா மட்டும்தான் அதுக்கு டிரைவர் எழுதியிருக்கும். அப்படி எழுதாத கிராபிக்ஸ் சிப்புக்கு நாம எத்தனை ராத்திரி முழிச்சாலும் பெரும்பாலும் டிரைவர் வராது.

இன்டெல் லேப்டாப்ல பத்தாவது தலைமுறை வரைக்கும் பொதுவா ஓகே. பதினொண்ணாவதுல இருந்து வர்ற ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸை ஆப்பிள் தொட்டதே இல்லை. ஏன்னா 2020லயே எம்1 வந்துருச்சு. அதனால "என்கிட்ட பன்னெண்டாவது தலைமுறை புது லேப்டாப் இருக்கு அண்ணா, உங்களதை விடப் புதுசு"ன்னு பெருமையா சொல்றவங்களுக்கு வாய்ப்பு கம்மி. பழசு வெச்சிருக்கறவன் இங்க பணக்காரன். என்விடியா இருந்தா அதை அணைச்சு வைக்கணும், கேமிங் லேப்டாப் ஆளுங்களுக்கு வருத்தமான செய்தி. சாம்சங் பிஎம்981 மாதிரி சில எஸ்எஸ்டிகள் மேக்ஓஎஸ்ல கெர்னல் பேனிக் குடுக்கறதுக்குப் பேர் போனவை, மாத்திடறது நல்லது.

அரசு லேப்டாப் பத்தியும் கேப்பீங்க, தெரியும். 2011ல ஆரம்பிச்ச திட்டத்துல எங்க தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். என் வயசுல நிறையப் பேருக்கு லினக்ஸுங்கற பேரே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் வழியா, அந்த மெஷின்லதான் முதல்ல கண்ணுல பட்டது. ஆனா பின்னாடி வந்த ஏஎம்டி ஏ-சீரிஸ் ப்ராசசர் மெஷின்ல மேக் கனவு வேண்டாம். அந்த கிராபிக்ஸுக்கு வழியில்லை. படம் வரும், ஆனா ஒரு விண்டோவை இழுத்தா அது ஆடி அசைஞ்சு தேர் மாதிரி வரும். அதுல லினக்ஸ் போடுங்க, சுகமா இருப்பீங்க.

சரி, நான் செஞ்ச மெஷினுக்கு வர்றேன். காந்திபுரத்துல ஒரு கடையில வாங்கின செகண்ட் ஹேண்ட் பிசினஸ் லேப்டாப். எட்டாவது தலைமுறை ஐ5, யூஹெச்டி 620 கிராபிக்ஸ், ரியல்டெக் சவுண்ட், இன்டெல் வைஃபை, ஐ2சி டச்பேட். நம்ம தம்பி அனுப்பின விவரமும் கிட்டத்தட்ட இதேதான்.

முதல் தடவை பூட் ஆனதும் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம் வரும். டெஸ்க்டாப் வந்துருச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிடுவாங்க. "அபவுட் திஸ் மேக்" திறந்து பார்த்தா கிராபிக்ஸ் 7 எம்பின்னு இருக்கும். அப்படின்னா டிரைவர் ஒட்டவே இல்லைன்னு அர்த்தம். இதை வாட்எவர்கிரீன்ங்கற கெக்ஸ்ட் பார்த்துக்கும், ஆனா நாம அதுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, இந்த சிப் எட்டாவது தலைமுறைன்னு சொல்லாம, அதுக்கு முந்தின ஹெச்டி 620ன்னு ஐடியை மாத்திச் சொல்லணும். உள்ள ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சிப். ரெண்டாவது, நிறைய லேப்டாப் பயாஸ்ல கிராபிக்ஸுக்குன்னு 32 எம்பி மெமரிதான் ஒதுக்கியிருப்பாங்க, மாத்தவும் விட மாட்டாங்க. ஆப்பிள் டிரைவர் அதுக்கு மேல எதிர்பார்க்கும், இல்லைன்னா பேனிக் ஆயிடும். அந்த எதிர்பார்ப்பைக் குறைக்க ஒரு பேட்ச் இருக்கு. அது விழுந்ததும் டாக் கண்ணாடி மாதிரி மின்னும்.

சவுண்ட் சுலபம். ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட், உங்க ரியல்டெக் சிப்புக்கான லேஅவுட் நம்பர்களை ஒவ்வொண்ணா போட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். பூட்டுக்கு எந்தச் சாவின்னு கொத்துல தேடற வேலை, அவ்வளவுதான்.

நான் நின்னு பேச விரும்பறது பேட்டரி. ஏன்னா இந்த ஒரு விஷயம் எனக்குக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரை விட அதிகமா சொல்லிக் குடுத்துச்சு.

மேக்ஓஎஸ்ல பேட்டரி ஐகான் வரும், ஆனா அதுல சதவீதம் வராது, இல்லைன்னா பேட்டரியே இல்லைன்னு சொல்லும். ஏன்? லேப்டாப் போர்டுல எம்பெடட் கன்ட்ரோலர்னு ஒரு குட்டி சிப் இருக்கு. மிச்சம் எவ்வளவு சார்ஜ், எவ்வளவு வோல்டேஜ்னு அதுக்குத்தான் தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதுகிட்ட நேராப் போய்க் கேக்காது. பயாஸுக்குள்ள கம்பெனிக்காரங்க ஏசிபிஐங்கற முறையில சின்னச் சின்ன நிரல் எழுதி வெச்சிருப்பாங்க. "பேட்டரி நிலவரம் சொல்லு"ன்னு அந்த நிரலைக் கூப்பிட்டா, அது கன்ட்ரோலரைப் படிச்சு பதில் குடுக்கும். சார்ஜ் அளவு 16 பிட் எண்ணா இருக்கும். விண்டோஸ் அதை ஒரே மடக்குல குடிச்சிடும். ஆப்பிளோட டிரைவர் ஒரு தடவைக்கு 8 பிட்டுக்கு மேல படிக்காது. ஆப்பிள் தன் மெஷின்ல அப்படி எழுதறதில்லை, அதனால அதுக்குத் தேவைப்படலை. 16 பிட் படிக்கச் சொன்னா அந்த நிரல் அங்கேயே முறிஞ்சிடும், பேட்டரி காணாமப் போயிடும்.

ரொம்ப வருஷமா இதுக்கு ஒரே வழி, ரீஹேப்மேன்ங்கற பேர்ல இருந்த ஒருத்தர் எழுதி வெச்ச கைவேலை. டிஎஸ்டிடிங்கற அந்த பயாஸ் நிரலை வெளிய எடுத்து, மனுஷன் படிக்கற மாதிரி மாத்தி, 16 பிட் இடம் ஒவ்வொண்ணையும் தேடிப் பிடிச்சு, ரெண்டு 8 பிட்டா வெட்டி, படிச்சதுக்கு அப்பறம் ஒட்டணும். வள்ளத்துல அளக்கற நெல்லைப் படியில அளந்து கூட்டிக்கற மாதிரி. 3,200ங்கற எண்ணை எடுத்துக்கங்க. மேல் பாதி 12, கீழ் பாதி 128. 12ஐ 256ஆல் பெருக்கினா 3,072, கூட 128 சேர்த்தா 3,200. இதை என் மெஷின்ல நானே கையால பண்ணினேன், மூணு ராத்திரி. மேல் பாதியையும் கீழ் பாதியையும் மாத்திப் போட்டா 32,780 வரும், அதாவது பத்து மடங்கு பேட்டரி. இதுல எங்கயும் மேஜிக் இல்லை, வெறும் கூட்டல் பெருக்கல். ஆனா பயாஸ் அப்டேட் பண்ணினா மறுபடி மொதல்ல இருந்து பார்க்கணும்.

இப்ப ஈசிஎனேப்ளர்னு ஒரு கெக்ஸ்ட் இருக்கு. அந்த வெட்டு ஒட்டு வேலையை டிரைவருக்குள்ளயே செஞ்சிடும். ஒரு ஃபைலைப் போட்டா பெரும்பாலான மெஷின்ல முடிஞ்சுது. இருந்தாலும் ஒரு தடவையாவது கையால பண்ணிப் பாருங்கன்னுதான் சொல்வேன். ஸ்கிரீன்ல 64 சதவீதம்னு தெரியற ஒரு எண் எங்கிருந்து எத்தனை கை மாறி வருதுன்னு அப்பத்தான் புரியும்.

டச்பேட்ல இன்னொரு வேடிக்கை. தரகர் பொய் சொல்றது இங்கதான். அதே ஏசிபிஐ நிரல், "வந்திருக்கறது எந்த விண்டோஸ்?"னு கேக்கும். வந்தது மேக்ஓஎஸ்னு தெரிஞ்சா, ஐ2சி டச்பேடைச் சில மெஷின் கண்ணுலயே காட்டாது. அதனால அந்தக் கேள்வியை வழி மறிச்சு, விண்டோஸ் 10ன்னு பதில் சொல்ற ஒரு குட்டி டேபிளைச் சேர்ப்போம். டச்பேட் எட்டிப் பார்க்கும். அப்பறம் வூடூஐ2சி கெக்ஸ்ட் அதை ஓட்டும். ஆனா டச்பேட் "விரல் பட்டுருச்சு"ன்னு சொல்ற இன்டரப்ட் கம்பி எதுன்னு மேக்ஓஎஸ்ஸுக்குப் பிடிபடலைன்னா, ஓயாம "பட்டுச்சா, பட்டுச்சா"ன்னு கேட்டுட்டே இருக்கற போலிங் முறைக்குப் போயிடும். வேலை செய்யும், பேட்டரி கரையும். சரியான ஜிபிஐஓ பின் நம்பரைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா மூணு விரல் ஸ்வைப் வரைக்கும் அருமையா வரும்.

வைஃபை கதை சிரிப்பா இருக்கும். ஆப்பிள் ரொம்ப காலம் பிராட்காம் சிப்தான் வெச்சுச்சு. அதனால அப்ப எல்லாரும் லேப்டாப்பைத் திறந்து, இன்டெல் கார்டைக் கழட்டி, பிராட்காம் கார்டு வாங்கிப் போட்டாங்க. சில மெஷின் பயாஸ், தான் ஒத்துக்காத கார்டு இருந்தா பூட்டே ஆகாது. இன்டெல்காரங்க யூஎஸ்பி டாங்கிளோட திரிஞ்சாங்க. 2020 வாக்குல ஐடிஎல்டபிள்யூஎம்னு இன்டெல் கார்டுக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் வந்துச்சு. 2023ல சோனோமா வந்தப்போ ஆப்பிள் பழைய பிராட்காம் டிரைவரைத் தூக்கிருச்சு. காசு செலவு பண்ணி கார்டு மாத்தினவங்க பேட்ச் தேடி அலைஞ்சாங்க, மாத்தாம இருந்தவங்க ஜம்முன்னு உக்காந்திருந்தாங்க. இன்டெல்ல ஏர்டிராப் மட்டும் வராது. கைரேகை சென்சாரும் எந்த லேப்டாப்லயும் வராது, அதை மறந்துடுங்க.

யூஎஸ்பிக்கு ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்ங்கற வரம்பு இருக்கு. வெளிய மூணு துளைதானே தெரியுதுன்னு நினைப்பீங்க. ஒரு யூஎஸ்பி 3 துளை ரெண்டாக் கணக்கு, உள்ள வெப்கேம், ப்ளூடூத் எல்லாம் தனித்தனி யூஎஸ்பி. இந்த மேப்பிங் சரியில்லைன்னா மூடி வெச்ச லேப்டாப் பையில தானா முழிச்சு, கொதிக்கக் கொதிக்க வரும். ஈரோடு பஸ்ல மடியில வெச்சுட்டுப் போறவங்க கவனம்.

இப்ப கொஞ்சம் சீரியஸா. ஆப்பிளோட உரிம ஒப்பந்தம், ஆப்பிள் மெஷின்ல மட்டும் போடுன்னு தெளிவா சொல்லுது. அமெரிக்காவுல சைஸ்டார்னு ஒரு கம்பெனி 2008ல மேக்ஓஎஸ் போட்ட பிசியை வித்துச்சு. ஆப்பிள் கேஸ் போட்டு 2009ல ஜெயிச்சுது, 2011ல அப்பீல்லயும் ஜெயிச்சுது. வீட்ல தனியாப் பழகற பசங்களை ஆப்பிள் துரத்தினதா நான் கேள்விப்பட்டதில்லை. அதுக்காக ஒப்பந்தம் இல்லாமப் போயிடாது. ஆபீஸ் வேலை, க்ளையன்ட் வேலை எதையும் இதுல வைக்காதீங்க.

அதை விட நான் பயப்படறது வேற. "உங்க மாடலுக்கு ரெடிமேட் ஈஎஃப்ஐ"ன்னு நெட்ல ஆயிரம் ஃபோல்டர் கிடைக்கும். காப்பி பண்ணினா ஓடும். அதுக்குள்ள இருக்கற கெக்ஸ்ட் ஒவ்வொண்ணும் கெர்னலுக்குள்ள ஓடுது. நீங்க அடிக்கற பாஸ்வேர்டு, உங்க நெட்பேங்கிங் எல்லாத்துக்கும் மேல உக்காந்திருக்கு. யார்னே தெரியாத ஒருத்தர் குடுத்த சாவியை வீட்டுப் பூட்டுக்குப் போடுவீங்களா? டோர்டானியா கைடைப் படிச்சு, கெக்ஸ்ட்டை அதை எழுதினவங்க பக்கத்துல இருந்தே எடுத்து, நீங்களே கட்டுங்க. ரெண்டு வாரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லைன்னா, பண்ணாதீங்க.

நேரமும் முடியப் போகுது. 2025 ஜூன்ல ஆப்பிள் சொல்லிருச்சு, மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மெஷினுக்குக் கடைசி. பாதுகாப்பு அப்டேட் இன்னும் கொஞ்ச வருஷம் வரும், புது வெர்ஷன் வராது. அந்த டாஹோலயே பழைய சவுண்ட் டிரைவரை எடுத்துட்டாங்க. நான் சுலபம்னு சொன்ன ஆப்பிள்ஏஎல்சி அதை நம்பித்தான் ஓடிட்டு இருந்துச்சு. சுலபமா இருந்ததுதான் முதல்ல போச்சு. அதனால ஹாக்கின்டாஷ் போட நினைக்கறவங்க அதுக்கு முந்தின சிகோயாவோட நிக்கறது நல்லது. ஆப் ஸ்டோர்ல ஏத்தறதுக்கு ஆப்பிள் வருஷா வருஷம் புது எக்ஸ்கோட் கேக்கும், புது எக்ஸ்கோட் புது மேக்ஓஎஸ் கேக்கும். அந்தச் சங்கிலி இன்டெல் லேப்டாப்புக்கு அறுந்து போற நாள் தூரத்துல இல்லை.

அதனால தம்பி, உனக்கு நேரா சொல்றேன். உன் மெஷின்ல ஓடும், பெரும்பாலானது வேலை செய்யும். ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்டையும், வேலை தேடறதையும் இது மேல கட்டாத. ஸ்விஃப்ட் மொழியை லினக்ஸ்லயும் விண்டோஸ்லயும் போட்டுப் பழகலாம். ஃப்ளட்டர்ல எழுதினா கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல மேக் மெஷின் வெச்சு பில்டு பண்ணிக்கலாம், பப்ளிக் ரெப்போவுக்குக் காசு இல்லை. இன்னும் ஒரு வழி. எம்4 மேக் மினி 59,900 ரூபாய்க்கு வந்துச்சு. கிளாஸ்ல ஆர்வம் இருக்கற நாலு பேர் சேருங்க, ஆளுக்கு 14,975. ஒரு ரூம்ல வெச்சு, ஆளுக்கொரு யூசர் அக்கவுன்ட், தூரத்துல இருந்தே லாகின் பண்ணிக்கலாம். செகண்ட் ஹேண்ட் எம்1 கிடைச்சா அதுக்கும் கீழ. ஆப் ஸ்டோர் டெவலப்பர் கணக்குக்கு வருஷம் 99 டாலர் தனி. அதை ஆப் ரெடியானதுக்கு அப்பறம் பார்த்துக்கலாம்.

அதையும் மீறி, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கற ஆசைக்காக ஹாக்கின்டாஷ் பண்றேன்னா, நான் கூட வர்றேன். அதுக்கு இன்னிக்கே மேக்ஓஎஸ் டவுன்லோட் பண்ண வேண்டியதில்லை. ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பி போட்டு பூட் பண்ணு. ஏசிபிஐ டேபிளை வெளிய எடு, ஐஏஎஸ்எல் வெச்சுப் பிரிச்சுப் பாரு. எம்பெடட் கன்ட்ரோலர் பகுதியில 16 பிட் எத்தனை இருக்குன்னு எண்ணு. எண்ணி எனக்கு வாய்ஸ் நோட்ல சொல்லு, ஃபைலையும் அனுப்பு. அடுத்த எபிசோட்ல உன் பேட்டரியைத்தான் பிரிச்சுப் படிக்கப் போறோம்.